இரண்டாம் மதகு என்றொரு படம் இல்லை

தம்பி,

நினைவு மலருக்கு இரண்டு பக்கம் எழுதித் தரச் சொல்லியிருந்தாய். வனராசு இறந்து ஒரு வருடம் ஆகப்போகிறது. அவன் குரலைப் பற்றி, மேடையில் அவன் பக்கத்தில் இருபது வருடம் நின்ற அறிவிப்பாளன் என்ற முறையில், கொஞ்சம் உருக்கமாக எழுத வேண்டும். முடிந்தால் சிரிக்கிற மாதிரி ஒரு சம்பவமும் சேர்க்க வேண்டும். சனிக்கிழமைக்குள் அச்சகத்துக்குப் போக வேண்டும் என்றாய். இது அந்த இரண்டு பக்கம் இல்லை. உருக்கம் இல்லை. சிரிப்பு இருக்கலாம், ஆனால் அது நம் இரண்டு பேரையும் பார்த்துச் சிரிக்கிற சிரிப்பு. இருந்தாலும் இதைத்தான் மலரின் முதல் பக்கத்தில் போட வேண்டும். எழுதுவது உனக்கு. படிப்பது ஊர். ஊரைக் கேட்க வைக்கத்தான் நான் ஒரு பொய் சொன்னேன். அதைத் திரும்ப எடுத்துக்கொள்வதும் ஊர் கேட்கவே நடக்க வேண்டும்.

கோபமாக இருக்கிறேன். உன் மேல்தான் என்று நினைத்து எழுத உட்கார்ந்தேன். எழுத எழுத அது ஓர் இடத்தில் நிற்கவில்லை. உன்னை விட்டு, நீ சேர்ந்திருக்கிற வனராசு ரசிகர் வட்டத்துக்குப் போனது. அங்கிருந்து, கைதட்டத் தெரிந்து காது கொடுக்கத் தெரியாத இந்தப் பள்ளத்தாக்கு முழுவதற்கும் போனது. இப்போது எங்கே வந்து நிற்கிறது என்பது படிக்கப் படிக்க உனக்குத் தெரியும்.

ஞாயிற்றுக்கிழமை மதியம் கௌமாரி கடைக்கு வந்தாள். வனராசுவின் ஒரே மகள். உன்னைவிட இரண்டு வயது சின்னவள். மலரைப் படிக்கிற மற்றவர்களுக்காகச் சொல்கிறேன்: உத்தமபாளையத்தில் என்னுடைய மைக் செட் கடையும் அவள் அப்பாவின் மோட்டார் வைண்டிங் கடையும் ஒரே சுவரைப் பங்கு போட்டுக்கொண்ட கடைகள். நீங்கள் இரண்டு பேரும் அந்தச் சுவரின் இரண்டு பக்கமும் விளையாடி வளர்ந்தவர்கள். இப்போது கம்பத்தில் ஒரு ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்க்கிறாள். லீவு நாளில் பஸ் ஏறி வந்திருக்கிறாள். நான் ஓர் ஆம்ப்ளிஃபையரைப் பிரித்துப் போட்டிருந்தேன். அவளாகவே ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, போனை என் மூக்குக்கு நேராக நீட்டினாள்.

“பெரியப்பா, கண்ணாடியப் போடுங்க. போட்டுட்டு இதப் படிங்க.”

“என்னத்தா?”

“அண்ணன் எழுதியிருக்காக. உங்களப் பத்தித்தான். பெருமையா எழுதியிருக்காக.”

படித்தேன். வனராசு பேரில் நீ நடத்துகிற இணையப் பக்கத்தில் புதிதாக ஏற்றியிருந்த பாட்டு. யாரோ கல்யாண வீட்டு வீடியோக்காரர் எடுத்து வைத்திருந்த பழைய பதிவு. இரைச்சலை எல்லாம் எடுத்துச் சுத்தம் செய்திருந்தாய். ‘நெத்தித் தழும்ப மறைக்காத கண்ணே’ என்று தொடங்கும் பாட்டு. அதன் மேல் பெரிய எழுத்தில், ‘கவர் மன்னன் வனராசுவின் மறக்க முடியாத கவர். படம்: இரண்டாம் மதகு (வெளிவரவில்லை)’. கவர் என்றால் அடுத்தவர் பாட்டைத் தன் குரலில் பாடுவது. கீழே நூற்றுக்கணக்கில் கண்ணீர். ‘ஒரிஜினல் எப்படி இருந்தாலும் இதுக்குப் பக்கத்துல நிக்காது.’ ‘ஒரிஜினல் பாடுனது யாரு, யாராச்சும் சொல்லுங்க.’ ‘அந்தப் படத்தோட போஸ்டர் எங்க மாமா வீட்ல இருக்கு, தேடி எடுத்துப் போடுறேன்.’ இதற்கு நடுவில் கௌமாரி ஒரே ஒரு வரி எழுதியிருந்தாள்: ‘இது எங்க அப்பா எழுதி மெட்டுப் போட்ட பாட்டு. படப் பாட்டு இல்லை.’

அதற்கு வந்த பதில்களை நான் இங்கே எழுதப் போவதில்லை. ஒன்றை மட்டும் சொல்கிறேன், ஏனென்றால் அதை எழுதியவர் உங்கள் வட்டத்தின் தலைவர். ‘ஆள் போனதும் வீட்ல இருக்குறவுக எல்லாத்துக்கும் உரிமை கொண்டாட வந்துருவாக. ஆதாரம் இருக்காம்மா?’ அதன் கீழே நீ. என் மகன். ‘இந்தப் பாட்டை மேடையில் அறிவித்தவர் என் அப்பா. எந்தப் பாட்டு எந்தப் படம் என்று இந்த மாவட்டத்தில் அவரைவிடத் தெரிந்தவர் இல்லை. அவர் பொய் சொல்ல மாட்டார். என் அப்பா சொன்னதற்கு மேல் ஆதாரம் தேவையில்லை.’

கண்ணாடியைக் கழற்றினேன்.

“அதுக்குக் கீழ நான் பதில் எழுதப் போனேன் பெரியப்பா. போகல. என்னைய வெளிய தள்ளிட்டாக. எங்கப்பா பேர்ல இருக்குற எடம். அதுல எனக்கு எடமில்ல.”

“தெரியாமப் பண்ணியிருப்பான்த்தா.”

“தெரியாமத்தான் பண்ணியிருக்காக. அவுகளுக்குத் தெரியாது. உங்களுக்குத் தெரியும்ல?”

டீ வாங்கிக் கொடுத்தேன். குடித்தாள். அழவில்லை, சத்தம் போடவில்லை, அதற்கு மேல் எதையும் கேட்கவும் இல்லை. டம்ளரை மேசையில் வைத்துவிட்டு, “வாரேன் பெரியப்பா” என்று பஸ் ஏறப் போய்விட்டாள். கேட்டிருந்தால் நான் ஏதாவது சமாதானம் சொல்லித் தப்பித்திருப்பேன். அவளுக்கு அது தெரிந்திருக்க வேண்டும்.

முதலில் உங்கள் பக்கத்து நியாயத்தை ஒத்துக்கொள்கிறேன். அவன் குரலைப் பற்றி நீங்கள் எழுதுவதில் பொய் இல்லை. உச்சத்துக்குப் போகும்போது கிழிந்துவிடும் போலிருக்கும், கிழியாது, கிழிகிற இடத்துக்கு ஒரு நூல் முன்னால் போய் நிற்கும். அந்த நிற்றலுக்காகத்தான் ஜனம் வந்தது. பிறர் பாட்டைப் பாடும்போது அவன் யாரையும் போலப் பாடியதில்லை. மூல பாடகர் மூச்சு வாங்காத இடத்தில் இவன் வாங்குவான். அந்த இடைவெளியில் பாட்டின் பொருளே கொஞ்சம் திரும்பி உட்காரும். பெண்கள் பாடிய பாட்டைத் தன் சுருதியில் இறக்கிப் பாடுவான், கேலி வராது, முன் வரிசைப் பெண்கள் தலையைக் குனிந்துகொள்வார்கள். இதெல்லாம் சரி. ஆனால் இப்படி எப்படிப் பாடினான் என்று உங்களில் ஒருவருக்காவது கேட்கத் தோன்றியதா? பாட்டு எப்படிக் கட்டப்படுகிறது என்று தெரிந்தவன் என்பதால்தான் அடுத்தவன் பாட்டை எங்கே அவிழ்த்து எங்கே முடியலாம் என்று அவனுக்குத் தெரிந்தது. நீங்கள் ஒரு தொண்டையைக் கும்பிடுகிறீர்கள். அதற்கு மேலே ஒரு தலை இருந்தது.

மோட்டாருக்குக் கம்பிச்சுருள், அதாவது காயில், சுற்றும்போது சுற்று எண்ணிக்கை தப்பக்கூடாது. அவன் வாய்விட்டு எண்ணுவான். எண்ண எண்ண அது தாளமாகும். நூறு சுற்றுக்குள் ஒரு மெட்டு நிற்கும். உடனே பக்கத்தில் கிடக்கிற காகிதத்தில் இரண்டு வரி எழுதுவான். அந்தக் காகிதம் என்ன தெரியுமா? செம்புக் கம்பி இரும்பில் உரசாமல் இருக்க மோட்டாருக்குள் மடித்துச் சொருகுகிற தடித்த காகிதம். பாட்டு மனப்பாடம் ஆனதும் அந்தத் துண்டையே சொருகிவிடுவான். “நோட்டுல எழுதுடா” என்று நானே பல தடவை சொல்லியிருக்கிறேன். “எதுக்குண்ணே? தலைக்குள்ள இருக்குல்ல” என்பான். ஆதாரம் கேட்டார் உங்கள் தலைவர். சுருளிப்பட்டியில் ஏதோ ஒரு திராட்சைத் தோட்டத்துக் கிணற்று மோட்டாருக்குள் இருக்கிறது. போய்ப் பிரித்துப் பார்க்கச் சொல்.

அடுத்து அந்தப் பாட்டு. உன் ரசிகர்கள் அதைக் காதல் பாட்டு என்கிறார்கள். அந்தப் படத்துக் கதாநாயகிக்கு நெற்றியில் ஒரு தழும்பு இருக்குமாம். நாயகன் அதைப் பார்த்துப் பாடுவதாம். கல்யாணத்துக்கு முந்தின நாள் எடுக்கிற வீடியோக்களுக்கெல்லாம் இதைப் போடுகிறார்களாம். நீ அதைப் பெருமையாகச் சொன்னாய், போனில்.

உனக்கு ஏழு வயது அப்போது. ஒரு விடுமுறை நாள். செம்புக் கம்பி தீர்ந்துபோன காலி ரீல் ஒன்று. அதை உருட்டி விளையாட உனக்கும் கௌமாரிக்கும் சண்டை. நீ தள்ளினாய். வேண்டுமென்று இல்லை, குழந்தைகள் தள்ளுவது போல. அவள் கழற்றி வைத்திருந்த மோட்டார் கூட்டின் விளிம்பில் போய் விழுந்தாள். நெற்றி பிளந்துவிட்டது. நீ ஓடிவந்து என் கடையில் குழாய் ஸ்பீக்கர்களுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டாய். ஆஸ்பத்திரியில் தையல் போட்டவர் எப்படி விழுந்தாள் என்று கேட்டபோது வனராசு, “தானா தடுக்கி விழுந்துட்டா சார்” என்றான். அவள் வாயைத் திறக்கப் போனாள், அவன் அவளைப் பார்த்தான், மூடிக்கொண்டாள். பிறகு திரும்பி வந்து உன்னை ஸ்பீக்கருக்குப் பின்னாலிருந்து தூக்கி, உன் மூக்கைத் துடைத்து, பன் வாங்கிக் கொடுத்து வீட்டில் விட்டதும் அவன்தான். உன் அம்மாவிடம்கூடச் சொல்லவில்லை. எனக்கு மட்டும் வருடங்கள் கழித்துச் சொன்னான்.

கட்டுப் பிரித்த பிறகு அந்தப் பிள்ளை முன்முடியை இழுத்து நெற்றியை மறைத்துக்கொண்டே திரிந்தது. பள்ளிக்கூடத்தில் கேலி. அதற்காக எழுதியது அந்தப் பாட்டு. ‘நெத்தித் தழும்ப மறைக்காத தாயி, நெலா விழுந்த எடம் அது.’ ஆமாம், ‘தாயி’. ‘கண்ணே’ இல்லை. அது எப்படிக் கண்ணே ஆனது என்பதற்குத்தான் வருகிறேன்.

மேடைக் கச்சேரி பார்க்காத தலைமுறைக்கு ஒரு வழக்கத்தைச் சொல்ல வேண்டும். ஒவ்வொரு பாட்டுக்கு முன்னாலும் அறிவிப்பாளன் நாலு பேர் சொல்வான். படம், இசை, எழுதியவர், பாடியவர். அந்த நாலும் சொல்லாமல் பாட்டு ஆரம்பித்தால் கூட்டத்துக்கு எங்கே கைவைத்துப் பிடிப்பது என்று தெரியாது. நான் மதுரையில் எம்.ஏ. படித்துவிட்டு வந்து மைக் செட் கடை போட்டவன். இசைத்தட்டு உறைகளைப் பாடப்புத்தகம் போலப் படித்தவன். எந்தப் பாட்டைக் கேட்டாலும் நாலு பேரையும் காகிதம் பார்க்காமல் சொல்வேன். அதுதான் என் புகழ். தேநீர்க் கடையில் பந்தயம் வைத்துவிட்டு, தீர்ப்புக்கு என்னிடம் வருவார்கள். பெரிய படிப்பு படித்த எனக்கு இந்த ஊரில் கிடைத்த ஒரே பட்டம் அது. அதை நான் எவ்வளவு இறுக்கிப் பிடித்திருந்தேன் என்பது எனக்கே வெகுநாள் தெரியவில்லை.

அனுமந்தன்பட்டியில் ஒரு கோவில் திருவிழா. விளக்கு வைக்கிற நேரம், கூட்டம் அப்போதுதான் கூடியிருந்தது. நாலைந்து பாட்டு முடிந்ததும் வனராசு என்னைப் பார்த்துத் தலையசைத்தான். நான் நேர்மையாகவே அறிவித்தேன்: “அடுத்து, நம்ம வனராசு தானே எழுதி மெட்டமைத்த பாட்டு.” இரண்டு வரி போயிருக்காது.

“ஏலே, என்ன படம்டா இது?”

“படமில்லையாம்ல. சொந்தப் பாட்டாம்.”

“சொந்தப் பாட்ட வீட்ல போய்ப் பாடு! இங்கன சினிமாப் பாட்டப் போடு!”

“தாயியாம்ல தாயி! ஒப்பாரியாடா?”

விசில். ஒரு செருப்பு மேடைக்குக் கீழே வந்து விழுந்தது. யார் மேலும் இல்லை. வனராசு பாட்டை நிறுத்தினான். கீபோர்டுக்காரர் புரிந்துகொண்டு ஒரு குத்துப் பாட்டை எடுத்தார். கூட்டம் ஆடியது. அந்த ‘வீட்ல போய்ப் பாடு’ குரல் யாருடையது என்று எனக்குத் தெரியும். மைக் பிடித்தவனுக்குக் குரல் மறக்காது. இன்று உங்கள் வட்டத்தின் தலைவர் அவர். ‘குரலின் கோவிலே’ என்று கவிதை எழுதி உனக்கு அனுப்புகிறாரே, அவர். செருப்பு அவருடையதா என்று எனக்குத் தெரியாது. அதை அவர்தான் சொல்ல வேண்டும்.

இதற்கப்புறம் நான் செய்ததைக் கேள். அடுத்த மாதம் வாய்க்கால் கரையில் இருக்கிற இன்னொரு ஊரில் கச்சேரி. வேனில் போகும்போது அவனிடம் சொன்னேன்: “அந்தப் பாட்ட இன்னைக்குப் பாடு. தாயிய மட்டும் எடுத்துரு. கண்ணேன்னு போடு.” அவன், “பிள்ளைக்கு எழுதுனதுண்ணே” என்றான். “சனம் கேக்கணுமா வேண்டாமா?” என்றேன். மாற்றிக்கொண்டான். மேடைக்குப் பக்கவாட்டில் வாய்க்கால் மதகு. அதில் மங்கின எழுத்தில் ‘இரண்டாம் மதகு’ என்று எழுதியிருந்தது. மைக்கைக் கையில் எடுத்தபோது என் கண் அதில் பட்டது. வாய் தானாகத் திறந்தது. “அடுத்து, விரைவில் வெளிவர இருக்கும் இரண்டாம் மதகு படத்திலிருந்து. முழுக்க முழுக்க நம்ம பக்கத்துலயே எடுத்த படம்.” இசையமைப்பாளர் பெயர், கவிஞர் பெயர் எல்லாம் அந்த நிமிடத்தில் நான் பெற்றுப்போட்ட பெயர்கள்.

கூட்டம் மூச்சு விடவில்லை. அதே பாட்டு. அதே மெட்டு, அதே தொண்டை. முடிந்ததும் இன்னொரு தடவை பாடச் சொல்லிக் கத்தினார்கள். மேடையை விட்டு இறங்கினால் ஒருவர் என் கையைப் பிடித்துக்கொண்டார்: “அந்தப் படத்துக்கு எங்க தோப்புலதான்யா சூட்டிங்கு. நாந்தான் எளநி வெட்டிக் குடுத்தேன்.” இன்னொருவர் கதாநாயகியைப் பார்த்திருக்கிறார், சிவப்பாம், குணமான பிள்ளையாம். சினிமாக்காரர்கள் வந்து போகிற பள்ளத்தாக்கு. இல்லாத படத்துக்குச் சாட்சி சொல்ல ஆளுக்குப் பஞ்சமில்லை. இருக்கிற மனிதனுக்குச் சாட்சி சொல்லத்தான் இன்றுவரை ஒருவர் இல்லை.

வனராசு அன்று வேனில் சிரித்துக்கொண்டே வந்தான். அந்தச் சிரிப்பை நான் எனக்குச் சாதகமாக எடுத்துக்கொண்டேன். அடுத்தடுத்து அவன் எழுதியதெல்லாம் அந்தப் படத்துக்கே போனது. “அண்ணே, இரண்டாம் மதகுல இன்னொரு பாட்டு வந்துருக்கு” என்பான், காயில் சுற்றிக்கொண்டே. சோகப் பாட்டு ஒன்று, அறுவடைப் பாட்டு ஒன்று, வண்டிப் பாட்டு ஒன்று. பதினொன்று வரை வந்தது. “ஒரு படத்துல பதினோரு பாட்டாண்ணே? கதைய எங்கிட்டு வச்சிருக்கானுக?” என்று அவனே கேட்டுச் சிரித்தான். நானும் சிரித்தேன். படம் ஏன் வரவில்லை என்று ஜனம் கேட்டபோது, தயாரிப்பாளருக்கும் இயக்குநருக்கும் தகராறு என்றேன். கோர்ட்டில் இருக்கிறது என்றேன். உனக்கும் அதையேதான் சொன்னேன். நீ எட்டாம் வகுப்பில் இருந்தபோது, அந்தப் படம் எப்போதாவது வருமா என்று கேட்டாய். “வரும்” என்றேன். பெற்ற பிள்ளையின் முகத்தைப் பார்த்து. நீ பல வருடம் இணையத்தில் அதைத் தேடியிருக்கிறாய் என்று இப்போதுதான் தெரிந்தது.

பிறகு வீரபாண்டி. கௌமாரியம்மன் சித்திரைத் திருவிழா. வனராசு மகளுக்கு அந்த அம்மன் பெயரைத்தான் வைத்திருந்தான். கச்சேரிக்கு முன் சாயங்காலம், ராட்டினச் சத்தத்துக்கு நடுவில், நான் ஒயர்களை இணைத்துக்கொண்டிருந்தேன். வந்து பக்கத்தில் குத்தவைத்து உட்கார்ந்தான். குடும்பத்தையும் கூட்டி வந்திருந்தான்.

“அண்ணே, இன்னைக்கு ஒரு தடவ எம்பேரச் சொல்லிப் பாருங்களேன்.”

“எதுக்கு?”

“அந்தத் தழும்புப் பாட்டுக்கு. மத்தது எல்லாம் படத்துலயே கெடக்கட்டும். அது ஒண்ணுக்கு மட்டும். பிள்ள முன்னால உக்காந்திருக்கா. அவளுக்குன்னு எழுதுனதுன்னு அவளுக்குத் தெரியும். ஊருக்கும் தெரியட்டுமே. இப்பத்தான் எல்லாருக்கும் பாட்டுப் பிடிச்சுப் போச்சுல்ல.”

நியாயமான வார்த்தை. பாட்டு நின்றுவிட்டது, இனி யாரும் செருப்பு எறியப் போவதில்லை. எறிந்தால் என் மேல்தான் எறிவார்கள். அதுதான் எனக்குப் பயம். இத்தனை நாள் இந்த ஆள் புளுகினானா? அப்படியென்றால் மற்றப் பாட்டுக்குச் சொன்ன பெயர்கள்? தேநீர்க் கடைத் தீர்ப்புகள்? இதெல்லாம் ஒயரைப் பிடித்திருந்த அந்த ஒரு நிமிடத்தில் மனதில் ஓடியது. “அடுத்த வருசம் பாத்துக்கலாம்டா” என்றேன். மேடை ஏறி, மைக்கைத் தட்டி, தெளிவான தமிழில், இரண்டாம் மதகு என்றேன். அவன் பாடினான். உங்கள் பக்கத்தில் ஓடுகிறதே ஒரு பதிவு, உச்சத்தில் குரல் ஒரு கணம் நடுங்குவதை ‘என்ன பாவம், என்ன உணர்ச்சி’ என்று எல்லோரும் கொண்டாடுகிறீர்களே, அது அன்று ராத்திரி பாடியது.

அதன் பிறகு அவன் எழுதவில்லை. பன்னிரண்டாவது பாட்டு வரவே இல்லை. காயில் சுற்றும்போது எண்ணுவான், வெறும் எண்ணிக்கை. மேடையில் பிறர் பாட்டு மட்டும். கேட்டால், “அதான் சனத்துக்குப் பிடிக்குது” என்றான். அந்த வருடங்களைத்தான் நீ மலரில் ‘கவர் பாடல்களின் பொற்காலம்’ என்று தலைப்புப் போட்டுத் தனி அத்தியாயமாக வைத்திருக்கிறாய். ஒரு மனிதன் தன் பாட்டை நிறுத்திக்கொண்ட காலம் தம்பி அது. பொற்காலமாம்.

இன்னும் ஒன்று பாக்கி. போன வருடம் அவன் செத்த வீட்டில் மைக் செட் என்னுடையது. காசு வாங்காமல் கட்டினேன், பெரிய மனது மாதிரி. ரசிகர்கள் கேட்ட கவர் எல்லாம் ஓடியது. கௌமாரி என்னிடம் வந்து, “அந்தப் பாட்டப் போடுங்க பெரியப்பா” என்றாள். போட்டேன். வெளியூரிலிருந்து வந்த ஒரு பையன் பக்கத்தில் வந்து, “ஐயா, இது என்ன படம்?” என்று கேட்டான். அவன் உடல் இருந்த பெட்டிக்குப் பக்கத்தில் அவள் நிற்கிறாள். நான் அவளுக்கு முதுகைத் திருப்பிக்கொண்டு, குரலைத் தாழ்த்தி, படத்தின் பெயரைச் சொன்னேன். அவள் காதில் விழுந்ததா என்று நான் திரும்பிப் பார்க்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை இதையெல்லாம் உன் அம்மாவிடம் சொன்னேன். அவளுக்குப் பாதி தெரிந்திருக்கிறது. வனராசு மனைவி சொல்லியிருக்கிறாள். “ஊருக்கெல்லாம் கொழா கட்டிப் பேசுன மனுசனுக்கு, ஒரு பேரச் சொல்ல வாய் வரல” என்றாள். அதோடு அரிசி களையப் போய்விட்டாள்.

உனக்குப் புத்தி சொல்லும் இடத்தில் நான் இல்லை. இருந்தாலும் அப்பன் என்பதால் சொல்கிறேன். ஒருவர் பேரில் பிரியம் வைத்தால், அவர் எதைக் கொடுக்க நினைத்தார் என்று பார். உனக்கு எது வேண்டியிருந்ததோ அதை மட்டும் எடுத்துக்கொண்டு மிச்சத்தைத் தூக்கிப் போட்டுவிட்டு, அதற்கு ரசனை என்று பெயர் வைக்காதே. அப்பன் சொன்னதற்காக எதையும் நம்பாதே. நீ என்னை நம்பியது தப்பில்லை. அந்த நம்பிக்கையை எடுத்து ஒரு பெண்ணின் வாயை அடைத்ததுதான் தப்பு. அவள் உன்னிடம் படத்தின் பெயரையா கேட்டாள்? தன் அப்பாவின் பெயரைச் சொன்னாள். ஒரு போன் போட்டு, “ஏத்தா, என்ன விசயம்?” என்று கேட்க உனக்கு இரண்டு நிமிடம் ஆகியிருக்காது. நெற்றியில் ஆதாரத்தை வைத்துக்கொண்டு அலைகிறாள். நீ வைத்த ஆதாரம். அவளிடம் போய் ஆதாரம் கேட்டிருக்கிறார்கள். நீ பக்கத்தில் நின்று கதவைச் சாத்தியிருக்கிறாய்.

இனி நடக்க வேண்டியதைச் சொல்கிறேன். இதைப் படித்து முடித்ததும் முதல் வேலையாக அவளைத் திரும்ப உள்ளே விடு. அவள் எழுதிய அந்த ஒரு வரியை எல்லாவற்றுக்கும் மேலே வை. மலரின் அட்டையில் ‘கவர் மன்னன்’ என்பதை அடித்துவிடு. பதினொரு பாட்டில் எட்டு எனக்கு முழுதாக நினைவிருக்கிறது. மூன்று அவளுக்குத் தெரியும். தனியாக எழுதி அனுப்புகிறேன். கவர் பாட்டுகளும் இருக்கட்டும், அவன் அவற்றையும் பொய்யாகப் பாடவில்லை. பக்கம் போதாது என்றால் தலைவரின் கவிதையை எடு. அதுவும் போதாது என்றால் மைக்கோடு நான் நிற்கிற முழுப்பக்கப் படத்தை எடு. நினைவுக் கச்சேரியில் நான்தான் அறிவிக்க வேண்டும் என்று கேட்டாயே, வருகிறேன். தழும்புப் பாட்டைக் கௌமாரி பாடுவாள், ‘தாயி’ என்றே பாடுவாள். யாராவது விசிலடித்தால் அடிக்கட்டும்.

நேற்று அவளைக் கூப்பிட்டுச் சொன்னேன். வேலை முடிந்து கடைக்கு வந்தாள். ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு, மைக்கை எடுத்து, சத்தத்தைக் குறைத்து வைத்து, அவள் முன்னால் சொல்லிப் பார்த்தேன். படம் இல்லை. இசை, வனராசு. எழுதியவர், வனராசு. பாடியவர், வனராசு. நாலு பேரைக் காகிதம் பார்க்காமல் சொல்கிற ஆள், ஒரே பேரை மூன்று தடவை சொல்ல முடியாமல் இரண்டாவதில் நின்றேன்.

“மறுபடி சொல்லுங்க” என்றாள். சொன்னேன்.

“சத்தம் கூட்டி வைங்க பெரியப்பா. நமக்கு மட்டும் கேட்டு என்ன ஆகப் போகுது?”

கூட்டி வைத்தேன். பாதி ஷட்டருக்குக் கீழே தெருவில் போன கால்கள் சில நின்றன.

உன் அப்பா சொன்னதற்கு மேல் ஆதாரம் தேவையில்லை என்று எழுதியிருந்தாய். சரி. உன் அப்பா சொல்கிறேன். இரண்டாம் மதகு என்றொரு படம் இல்லை. அது வனராசு பாட்டு.